விகாரமா, விந்தையா? உலகின் அபூர்வ விலங்குகள் சில

இந்தப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். மனிதனைப் போன்ற தோல், மனிதக் கண்கள், ஆனால் உடல் மட்டும் ஏதோ ஒரு விலங்கினுடையது. கூடவே ஒரு கதை வரும். ஓமான் நாட்டில் ஒரு தாய் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார், மகள் அதை அவமதித்தாள், உடனே இப்படி மாறிவிட்டாள் என்பது கதை. ஊருக்கு ஊர் கதையில் சிறு மாற்றம் இருக்கும். "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்ற கடைசி வரி மட்டும் மாறாது. முதலில் மின்னஞ்சலில் சுற்றியது, பிறகு வாட்ஸ்அப்புக்கு வந்தது.

உண்மையில் அது ஒரு சிலை. ஆஸ்திரேலியச் சிற்பக் கலைஞர் பாட்ரிசியா பிச்சினினி சிலிகானையும் மனிதத் தலைமுடியையும் கொண்டு உருவாக்கிய கலைப்படைப்பு. 2003-ல் காட்சிக்கு வைக்கப்பட்டது. கலைக்கூடத்தில் எடுத்த படத்தை யாரோ வெட்டி, கதை கட்டி, மார்க்கத்தின் பெயரால் அனுப்பிவிட்டார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் கண்கலங்கிப் பகிர்ந்தார்கள். பிள்ளைகள் இரவில் பயந்து படுத்தார்கள்.

இப்படிப் பொய்யான படங்கள் ஒருபுறம் சுற்ற, உண்மையிலேயே விநோதத் தோற்றம் கொண்ட உயிரினங்கள் இந்தப் பூமியில் ஏராளமாக உள்ளன. அவற்றின் படங்களும் நமக்கு வருகின்றன, பெரும்பாலும் தவறான தகவலோடு. அவற்றில் சிலவற்றை இங்கே பார்ப்போம். எங்கே வாழ்கின்றன, ஏன் அந்த உருவம், இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஏனெனில் விநோதமாக இருப்பது சில விலங்குகளுக்கு உயிராபத்தாகவே முடிந்திருக்கிறது.

அழுமூஞ்சி மீன்

தொங்கும் மூக்கு, சரிந்த வாய், கொழகொழவென்ற இளஞ்சிவப்பு உடல். ஓய்வுபெற்ற, எரிச்சல்பட்ட ஒரு பெரியவரைப் போல இருக்கும் பிளாப் மீனின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 2003-ல் நியூசிலாந்துக்கு வடமேற்கே ஆழ்கடல் ஆய்வுக்குச் சென்ற கப்பலில் பிடிபட்ட மீன் அது. இப்போது சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 2013-ல் நடந்த ஒரு வாக்கெடுப்பில் "உலகின் அவலட்சணமான விலங்கு" என்ற பட்டமும் இதற்குக் கிடைத்தது.

ஆனால் அந்தப் படம் இந்த மீனுக்குச் செய்த அநியாயம் என்றே சொல்ல வேண்டும். இது வாழ்வது கடலுக்கடியில் சுமார் 600 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில். அங்கே நீரின் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல 60 முதல் 120 மடங்கு வரை இருக்கும். மற்ற பல மீன்கள் மிதப்பதற்கு வயிற்றுக்குள் காற்றுப்பை வைத்திருக்கும். இவ்வளவு அழுத்தத்தில் காற்றுப்பை பயன்படாது. அதனால் இந்த மீனுக்கு அது இல்லை. பதிலாக, உடலே தண்ணீரைவிடச் சற்று லேசான கூழ் போன்ற தசையால் ஆனது. நீரின் அழுத்தமே நாலாபுறமும் தாங்கிப் பிடிப்பதால், அங்கே இது பெரிய தலையுள்ள சாதாரண மீனைப் போலத்தான் இருக்கும். வலையில் மாட்டி மேலே இழுக்கப்படும்போது, தாங்கிப் பிடித்த அழுத்தம் நீங்கி உருக்குலைந்துவிடுகிறது. நாம் பார்த்துச் சிரிப்பது செத்துச் சிதைந்த ஓர் உடலை.

ஆழ்கடல் இழுவலைகளில் வேறு மீன்களுக்காக விரிக்கும் வலையில்தான் இவை தற்செயலாகச் சிக்குகின்றன. 2025-ல் நியூசிலாந்து மக்கள் "ஆண்டின் சிறந்த மீன்" என்று இதையே தேர்ந்தெடுத்தார்கள்.

பொய் என்று நினைத்த உண்மை

இன்று நாம் பொய்ப் படத்தை உண்மை என்று நம்புகிறோம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 1798-ல் ஆஸ்திரேலியாவின் ஆங்கிலேய ஆளுநர் ஜான் ஹண்டர் ஒரு விலங்கின் தோலை இங்கிலாந்துக்கு அனுப்பினார். நீர்நாயின் உடல், வாத்தின் அலகு, தட்டையான வால். மறு ஆண்டு அதை ஆராய்ந்து எழுதிய ஜார்ஜ் ஷா, இது யாரோ செய்த தில்லுமுல்லாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் சேர்த்தே எழுதினார். தையல் இருக்கிறதா என்று கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. குரங்கின் உடலையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்து "கடற்கன்னி" என்று விற்ற மாலுமிகள் இருந்த காலம் அது.

பிளாட்டிபஸ் என்னும் அந்த விலங்கு உண்மையானதுதான். முட்டையிடுகிறது, குஞ்சு பொரித்தபின் பாலும் கொடுக்கிறது. பால்காம்பு கிடையாது. தோலில் கசியும் பாலைக் குட்டிகள் நக்கிக் குடிக்கும். முட்டையிடுவதை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ளவே 1884 வரை ஆனது. அந்த ஆண்டு வில்லியம் கால்ட்வெல் என்ற ஆய்வாளர் ஆஸ்திரேலியாவில் நேரில் கண்டு தந்தி அடித்தார்.

அந்த அலகு வாத்தின் அலகைப் போலக் கடினமானதன்று. மெத்தென்ற தோல் போன்றது. அதில் சுமார் 40,000 மின் உணர்விகள் உள்ளன. தண்ணீரில் மூழ்கும்போது கண், காது, மூக்கு மூன்றையும் இறுக மூடிக்கொள்கிறது. பிறகு சேற்றுக்குள் இருக்கும் புழு, இறால் போன்றவை தசையை அசைக்கும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்துடிப்பை அலகால் உணர்ந்து பிடிக்கிறது. ஆண் பிளாட்டிபஸின் பின்னங்காலில் ஒரு விஷ முள்ளும் உண்டு. மனிதரைக் கொல்லாது. ஆனால் வலி நாட்கணக்கில் நீடிக்கும்.

மடகாஸ்கரின் அய்-அய்

நாம் பேசப்போகும் விலங்குகளில் தன் முகத்துக்காகவே அதிகம் அடிபட்டது இதுதான். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவில் மட்டும் வாழ்கிறது. பூனையளவு உடல், கலைந்த கருப்பு ரோமம், உடலைவிட நீளமான வால், வௌவாலைப் போன்ற காது, இருட்டில் ஒளிரும் மஞ்சள் கண்கள், எலியைப் போல் வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்கள். கையில் உள்ள நடுவிரல் மட்டும் சதையே இல்லாத கம்பி போல மெலிந்திருக்கும்.

இதை ஐரோப்பியருக்கு முதலில் விவரித்தவர் பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் பணியில் இருந்தவர் இவர். தமிழ் மக்களின் தொழில்களையும் பழக்கவழக்கங்களையும் படங்களுடன் எழுதி 1782-ல் பாரிஸில் நூலாக வெளியிட்டார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் இவர் பெயர் இருக்கிறது. இப்படி நாடு நாடாகப் பார்த்தவர்களையும் அய்-அய் குழப்பிவிட்டது. பற்களைப் பார்த்து அணில் வகை என்றே முதலில் பட்டியலிட்டார்கள். உண்மையில் இது அணிலும் அல்ல, எலியும் அல்ல. குரங்குகளுக்கு உறவான லெமூர் இனம். இரவில் நடமாடும் குரங்கினங்களில் உலகிலேயே பெரியது.

அந்த விரல்தான் விஷயம். மடகாஸ்கரில் மரங்கொத்திப் பறவை கிடையாது. மரத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுக்களைத் தின்னும் வேலையை அங்கே அய்-அய் செய்கிறது. நடுவிரலால் மரப்பட்டையை நொடிக்கு எட்டு முறை வரை தட்டும். பெரிய காதைச் சாய்த்து எதிரொலியைக் கேட்கும். தர்பூசணிப் பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே முறைதான். உள்ளே குடைந்த வழி இருப்பது தெரிந்ததும், முன்பற்களால் துளை போட்டு, மெலிந்த விரலை உள்ளே விட்டுப் புழுவைக் கொக்கி போட்டு இழுக்கும். அந்த விரலின் அடி மூட்டு நம் தோள்மூட்டைப் போல எந்தப் பக்கமும் திரும்பக்கூடியது. அதே விரலை மூக்குக்குள் முழுவதும் விட்டுக் குடைவதையும் 2022-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். வீட்டில் உதாரணம் காட்டாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு!

ஆனால் மடகாஸ்கரின் பல கிராமங்களில் அய்-அய் என்றாலே அபசகுனம். அந்த மெலிந்த விரலால் யாரைச் சுட்டிக்காட்டுகிறதோ அவர் இறந்துவிடுவார் என்பது நம்பிக்கை. அதனால் கண்டவுடன் அடித்துக் கொன்றார்கள். சில இடங்களில் கொன்று, ஊருக்கு வெளியே கம்பத்தில் தொங்கவும் விட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்குக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! 1930-களில் இனமே அழிந்துவிட்டது என்று கருதினார்கள். 1957-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 1960-களில் 9 விலங்குகளைப் பிடித்து, ஆளில்லாத நோசி மங்காபே தீவில் விட்டுக் காப்பாற்றினார்கள். இன்றும் அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில்தான் இருக்கிறது. காடழிப்பு பெரிய காரணம். ஆனால் மூடநம்பிக்கைக்குப் பலியான பங்கும் சிறியதல்ல. படத்தைப் பார்த்து "இது ஜின்னா?" என்று நம்மிடம் கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம். இது புழு தின்று பிழைக்கும் ஓர் ஏழை விலங்கு.

மண்ணுக்கடியில் வாழும் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வட அமெரிக்காவின் ஈர நிலங்களில் உள்ள நட்சத்திர மூக்கு அகழெலிக்கு மூக்கு நுனியில் 22 சதைக் கதிர்கள், பூ விரிந்தாற்போல இருக்கும். அவை மோப்பம் பிடிப்பதற்கல்ல, தொட்டுப் பார்ப்பதற்கு. கும்மிருட்டில் தொட்டு, இது இரையா இல்லையா என்று ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் முடிவு செய்துவிடும். கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா நாடுகளில் உள்ள ரோமமற்ற மண் எலியோ, வெந்த தோல் போலச் சுருங்கி, பல் துருத்திக்கொண்டு, பார்க்கவே ஒருமாதிரி இருக்கும். தேனீயைப் போல இவற்றுக்கும் ஒரு ராணி உண்டு. கூட்டத்தில் அது மட்டுமே குட்டி போடும். சாதாரணச் சுண்டெலி மூன்று ஆண்டு வாழ்ந்தால் அதிகம். இது 30 ஆண்டுகளையும் தாண்டுகிறது. புற்றுநோய் மிக அரிது. ஆக்சிஜனே இல்லாத காற்றில் 18 நிமிடம் வரை தாக்குப்பிடித்ததை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. முதுமையையும் புற்றுநோயையும் ஆராயும் மருத்துவ உலகம் இன்று இந்த எலியைப் பொக்கிஷமாகப் பார்க்கிறது.

மூன்று வாரத்தில் இரண்டு லட்சம்

கசாக்ஸ்தான், ரஷ்யா, மங்கோலியா நாடுகளின் பரந்த புல்வெளியில் சைகா மான் வாழ்கிறது. உயரம் நம் ஊர் ஆட்டைப் போலத்தான். முகத்தைப் பார்த்தால்தான் ஆச்சரியம். யானைத் தும்பிக்கையைப் பாதியில் வெட்டி ஒட்டியதுபோல் வாய்க்கு மேல் தொங்கும் பெரிய மூக்கு. கோடையில் ஆயிரக்கணக்கில் கூட்டமாக ஓடும்போது கிளம்பும் புழுதியை இந்த மூக்கு வடிகட்டுகிறது. குளிர்காலத்தில் உறைபனிக் காற்றை நுரையீரலுக்குப் போகும் முன் சூடாக்குகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களின் மூக்கு மேலும் வீங்கி, குரலும் கனத்துவிடும்.

ஆணுக்கு மட்டும் கொம்பு உண்டு. அதுவே அதற்கு வினையானது. சீன மருத்துவத்தில் சைகா கொம்புக்கு நல்ல விலை. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது கூட்டுப்பண்ணைகள் மூடப்பட்டன. புல்வெளிக் கிராமங்களில் வேலை போயிற்று, சம்பளம் போயிற்று, காவலும் போயிற்று. பட்டினி கிடந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் துரத்திச் சைகாவைச் சுட்டார்கள். பத்து லட்சத்துக்குக் குறையாமல் இருந்த இனம் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் சில பத்தாயிரங்களாகச் சுருங்கியது. கொம்புக்காக ஆண்களையே தேடிக் கொன்றதால், பெண் மான்கள் இருந்தும் சினைப்பிடிக்காத நிலை ஏற்பட்டது.

பிறகு காவல் பலப்படுத்தப்பட்டு, எண்ணிக்கை மெல்ல ஏறி வந்தது. அப்போதுதான் 2015 மே மாதம் வந்தது. மத்திய கசாக்ஸ்தானின் பெத்பாக்-தாலா பகுதியில் குட்டி ஈனுவதற்காகப் பெண் மான்கள் பெருங்கூட்டமாகக் கூடியிருந்தன. ஒரு தாய் தள்ளாடி விழுகிறது. சில மணி நேரத்தில் இறக்கிறது. அதன் பாலைக் குடித்த குட்டியும் இறக்கிறது. சுமார் மூன்று வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் மடிந்தன. அன்று உலகில் இருந்த சைகாக்களில் பாதிக்கும் மேல் போய்விட்டன. புல்வெளி முழுவதும் உடல்கள் கிடந்த படங்களைப் பார்த்தவர்கள் ராக்கெட் எரிபொருள் விஷம் என்றார்கள், ஆயுதச் சோதனை என்றார்கள். பல ஆண்டு ஆய்வுக்குப் பின் தெரிந்தது இதுதான்: சைகாவின் உடலிலேயே தீங்கில்லாமல் வாழ்ந்துவந்த பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா, அந்த ஆண்டின் வழக்கமில்லாத வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பெருகி இரத்தத்தில் கலந்து கொன்றிருக்கிறது. வானிலை மாறினால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் படிப்பது வேறு, இப்படி நடப்பது வேறு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சைகா பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். பிறந்த மறு ஆண்டே பெண் மான் தாயாகத் தயாராகிவிடும். காவலும் தொடர்ந்ததால், 2023-ல் கசாக்ஸ்தானில் மட்டும் 19 லட்சம் சைகாக்கள் கணக்கிடப்பட்டன. அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலிலிருந்து அந்த ஆண்டு டிசம்பரில் இறக்கப்பட்டது. இப்போது பிரச்சினை வேறு: பயிரை மேய்கின்றன, எங்கள் கால்நடைகளின் புல்லைத் தின்கின்றன என்று கசாக் விவசாயிகள் முறையிடுகிறார்கள். அவர்களின் கவலையும் நியாயமானதே.

சிரித்த முகம்

பிள்ளைகளின் பொம்மை, பென்சில் பெட்டி, வீடியோ கேம் எல்லாவற்றிலும் இப்போது இளஞ்சிவப்பு நிறத்தில், தலையைச் சுற்றி இறகு போன்ற செவுள்களோடு சிரித்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் ஆக்ஸோலாட்டல். மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ கால்வாய்களில் மட்டும் இயற்கையாக வாழ்கிறது. தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாகிக் கரையேறுவது நமக்குத் தெரியும். ஆக்ஸோலாட்டல் அப்படி ஆவதில்லை. செவுள்களோடு, குழந்தை உருவத்திலேயே வளர்ந்து, அப்படியே முட்டையும் இட்டு, நீரிலேயே ஆயுளைக் கழிக்கிறது. கால் வெட்டுப்பட்டால் எலும்பு, தசை, நரம்போடு புதிய கால் முளைக்கும். இதயத்தின் ஒரு பகுதி, தண்டுவடம்கூட வளர்ந்துவிடும். மனிதருக்கு இது முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் உலகெங்கும் ஆய்வகங்களில் இதை வளர்க்கிறார்கள்.

1860-களில் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குக் கப்பலில் போன சில ஆக்ஸோலாட்டல்களிலிருந்து தொடங்கியதுதான் இன்றைய ஆய்வக வளர்ப்பு. அவற்றில் ஒன்று வெள்ளை நிறம். பொம்மைகளில் நாம் காணும் நிறம் அந்த வழியில் வந்தது. சொந்த ஊரில் இது கருமை கலந்த பழுப்பு.

அந்தச் சொந்த ஊரில்தான் சோகம். 1998-ல் சோச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014-ல் எண்ணியபோது சுமார் 36. நகரத்தின் கழிவுநீர் ஒரு காரணம். மக்களுக்கு உணவாகட்டும் என்று நல்ல எண்ணத்தில் விடப்பட்ட திலாப்பியா, கெண்டை மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தது இன்னொரு காரணம். (திலாப்பியா நம் ஏரிகளிலும் ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் நிறைந்திருப்பதை நாம் அறிவோம்.) மெக்சிகோ 2021-ல் வெளியிட்ட 50 பெசோ நோட்டில் இதன் படம் இருக்கிறது. கால்வாயில் தேடினால் கிடைப்பதரிது.

நம் மலையில், நம் கடலில்

விநோதத்தைத் தேடி வெளிநாட்டுக்கே போக வேண்டியதில்லை. 2003-ல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளையைப் பாருங்கள். ஊதிய பலூன் போன்ற உடல், பன்றியைப் போலக் கூரான சிறு மூக்கு, குட்டைக் கால்கள். ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்து, மழைக்காலத்தில் ஓரிரு வாரம் மட்டும் இனப்பெருக்கத்துக்கு வெளியே வரும். மலைவாழ் மக்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். அறிவியலுக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. இதன் நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது கடலுக்கு அப்பால், செஷெல்ஸ் தீவுகளில். இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக இருந்த காலத்துக்கு இந்தத் தவளை உயிருள்ள சாட்சி. இதே இனத்தின் இன்னொரு வகை மலையின் தமிழ்நாட்டுப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கண்டறியப்பட்டு 2017-ல் அறிவிக்கப்பட்டது. 2014-ல் காட்டில் களப்பணியின்போது உயிரிழந்த கோவை ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அழுங்கு என்று நம் முன்னோர் சொன்ன எறும்புத்தின்னியும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. உடல் முழுவதும் செதில் கொண்ட ஒரே பாலூட்டி இனம் இது. ஆபத்து என்றால் பந்தாகச் சுருண்டுவிடும். சிறுத்தையின் பல்லும் இறங்காது. ஆனால் மனிதன் பந்தை அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். மருந்து என்று விற்கப்படும் அந்தச் செதில் எதனால் ஆனது தெரியுமா? நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின். சீனா தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து 2020-ல் இதை நீக்கியது. இந்தியாவில் இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கடைசியாக ஆவுளியா. கடல் பசு என்றும் சொல்வார்கள். மூன்று மீட்டர் நீளம், 400 கிலோ வரை எடை, கீழ்நோக்கி வளைந்த அகன்ற வாய், திமிங்கலத்தைப் போல் பிளந்த வால். யானைக்கு உறவினம். கடலுக்கடியில் உள்ள புல்லை மேய்ந்து வாழும். நாளொன்றுக்கு 40 கிலோ வரை தின்னும். மாலுமிகளின் கடற்கன்னிக் கதைகளுக்கு இதுவும் இதன் உறவினங்களும்தான் மூலம் என்பார்கள். நேரில் பார்த்தால் அந்த மாலுமிகள் எத்தனை மாதம் கரையைக் காணாமல் இருந்தார்களோ என்றுதான் தோன்றும். வடபசிபிக்கில் இதன் பெரிய உறவினமான ஸ்டெல்லர் கடல் பசுவை 1741-ல் கண்டறிந்தார்கள். 27 ஆண்டுகளில், 1768-க்குள், கடைசி ஒன்றையும் தின்று முடித்துவிட்டார்கள்.

நம் வாசகர்களில் பலர் இருக்கும் வளைகுடாவிலும் ஆவுளியாக்கள் உள்ளன. ஆஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியாக அதிக எண்ணிக்கையில், சுமார் 3,000, அபுதாபியின் கடற்பகுதியில் வாழ்கின்றன. பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் இடைப்பட்ட கடலில் 1986-ல் 600-க்கும் மேற்பட்டவை ஒரே கூட்டமாகக் காணப்பட்டன. இந்தியாவிலோ மொத்தம் சில நூறுதான். அவற்றில் பெரும்பகுதி நம் பாக் நீரிணையில் இருக்கிறது. முன்பு இறைச்சிக்காகப் பிடித்தார்கள். இப்போது வலையில் சிக்கியும், படகு மோதியும், கடற்புல் அழிந்தும் குறைகின்றன. ஒரு பெண் ஆவுளியா ஒரு குட்டியை ஈன்று அடுத்ததை ஈன மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

2022 செப்டம்பரில் தமிழக அரசு அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையிலான கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. அந்தக் கரையில் நம் சமுதாய மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் தொழில் செய்து வருகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். ஆவுளியா மீனல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுத் திணறியே இறந்துவிடும். ஆகவே வலையில் கனமாக ஏதோ புரள்வது தெரிந்தால் உடனே இழுத்துப் பார்த்து, ஆவுளியாவாக இருந்தால் வலையை அறுத்து விட்டுவிட வேண்டும். அப்படி உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி வழங்கிப் பாராட்டி வருகிறது. விடுவிக்கும்போது கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால், அறுத்த வலையைக் காட்டி வனத்துறையிடம் விவரம் சொல்ல வசதியாக இருக்கும்.